நீப், டாட்டி, கிளாப்ஷாட், ஸ்டோவீஸ்: ஸ்காட்லாந்தின் கிழங்குச் சமையலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அபர்டீனில் என் சமையலறைக்கு வந்து இந்தச் சமையலைப் பழகியவர்கள் பலர். எல்லோருமே நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்கள். குழம்பின் வாசனையை வைத்தே உப்புக் குறைவென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் நீப் என்ற கிழங்கையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து மசிக்கும் கிளாப்ஷாட்டை முதல் முறை செய்யும்போது பத்தில் எட்டுப் பேருக்கு அது கூழாகத்தான் வரும். காரணம் ஒன்றே ஒன்று: தண்ணீர்.

மசாலா இல்லாத சமையல் இது. வெண்ணெய், உப்பு, மிளகு, அவ்வளவுதான். தப்பு நடந்தால் மறைக்க எதுவும் இல்லை. அதனால் எதை எப்போது செய்கிறோம் என்ற வரிசைதான் இங்கே கைப்பக்குவம். கீழே உள்ள முதல் 6 படிகள் அடித்தளம். அவை கைவந்துவிட்டால் கிளாப்ஷாட், முட்டைக்கோஸ் சேர்ந்த ரம்பிள்டிதம்ப்ஸ், கல்லில் சுடும் டாட்டி ஸ்கோன் எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. மூடிய பாத்திரத்தில் வேகும் ஸ்டோவீஸ் மட்டும் தனி வழி போகிறது. அதற்குத் தனியாக வருகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

டாட்டி என்றால் உருளைக்கிழங்கு. அதில் குழப்பமில்லை. தடுக்கி விழ வைப்பது நீப்.

நீப் கனமான, உருண்டையான கிழங்கு. மேல்பாதித் தோல் ஊதா, கீழ்ப்பாதி வெளிர்மஞ்சள். உள்ளே மஞ்சள் சதை. வெந்ததும் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். ஸ்காட்லாந்தில் பேச்சில் இதையே டர்னிப் என்பார்கள், சில ஊர்களில் டம்ஷி. இங்கிலாந்துக்காரர்களிடம் டர்னிப் கேட்டால் வெள்ளைச் சதையுள்ள சின்னக் கிழங்கைக் கொடுப்பார்கள். அவர்கள் ஊரில் நம் நீப்புக்குப் பெயர் ஸ்வீடு. மிட்டாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுவீடனிலிருந்து வந்த பெயர்.

வெள்ளை டர்னிப்பை வாங்கிவந்து நீப் மசியல் செய்தால் நீர்த்துப்போய், முள்ளங்கி போன்ற காரத்துடன் வரும். நூல்கோலும் மாற்று ஆகாது. முட்டைக்கோஸ் குடும்பம்தான் என்றாலும் அது பருத்த தண்டு. இந்தச் சமையலுக்கு மஞ்சள் சதைதான் அடையாளம். கடையில் சந்தேகம் வந்தால் அடியில் வேர் இருந்த இடத்தில் நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். (கடைக்காரர் பார்க்காத நேரத்தில்.)

செய்முறைச் சொற்கள் இன்னும் சுவாரசியம். பிசைந்த உருளைக்கிழங்கை ‘சாப்பிட் டாட்டீஸ்’ என்கிறார்கள். நம் காதுக்குச் சாப்பிடச் சொல்வதுபோல இருக்கும். உண்மையில் ஸ்காட்ஸ் மொழியில் ‘சாப்’ என்றால் தட்டு, இடி. கதவைத் தட்டுவதற்கும் அதே சொல்தான். நீப்பை ‘பாஷ்’ செய்வார்கள், அதாவது நசுக்குவார்கள். இடி, நசுக்கு என்றுதான் சொல்கிறார்கள். கடை என்றோ அரை என்றோ யாரும் சொல்வதில்லை. 6ஆம் படியில் இது உதவும்.

2. உருளைக்கிழங்கு எல்லாம் ஒன்றல்ல

மாவுத்தன்மை மிகுந்த இரகம் வேண்டும். வெந்தால் விண்டு உதிர வேண்டும். ஸ்காட்லாந்தில் கெர்ஸ் பிங்க், கோல்டன் வொண்டர் இரண்டுக்கும் தனி மரியாதை உண்டு. அவை கிடைக்காத இடத்தில் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட், ரூஸ்டர் ஆகியவற்றில் எதுவும் சரி. சாலட்டுக்கென்று விற்கும் வழவழப்பான சிறு கிழங்குகள் வேண்டாம். அவை இடித்தால் மசியாமல் கட்டிகட்டியாக நிற்கும். இன்னும் இடித்தால் பசையாகிவிடும்.

மூட்டையில் பெயர் இல்லையென்றால் ஒரு சோதனை. 2 மேசைக்கரண்டி உப்பைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் அதில் மாவு அதிகம், மிதந்தால் நீர் அதிகம். இது தோராயமான சோதனைதான், ஆனாலும் என்னைப் பெரும்பாலும் ஏமாற்றியதில்லை.

பச்சை படர்ந்த கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். அது கசக்கும், வயிற்றுக்கும் ஆகாது.

3. அடுப்பு மூட்டும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

4 பேருக்கு அளவு: தோல் சீவாத உருளைக்கிழங்கு 1 கிலோ, நீப் ஒன்று (சுமார் 1 கிலோ, சீவியபின் 800 கிராம் தேறும்), வெண்ணெய் 100 கிராம், பால் 100 மில்லி, உப்பு, மிளகு. நீப்புக்குச் சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் அல்லது சுக்குப் பொடி. சுக்கு நம் வீட்டிலிருந்து நான் நுழைத்தது அல்ல, நீப்புக்கு அங்கேயே வழக்கம்தான்.

அடிகனமான பாத்திரங்கள் இரண்டு, வடிதட்டு ஒன்று, சுத்தமான பருத்தித் துண்டு ஒன்று, ஒரு மத்து. கீரை கடையும் மர மத்து இருந்தால் தாராளமாக அதையே பயன்படுத்தலாம். மேலிருந்து கீழாகக் குத்துவதற்கு அதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. உருட்டக்கூடாது என்பதுதான் நிபந்தனை.

மிக்ஸியை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். அதன் கத்தி உருளைக்கிழங்கின் உயிரணுக்களைக் கிழித்து உள்ளிருக்கும் மாவுச்சத்தை வெளியே விட்டுவிடும். அரை நிமிடத்தில் சுவரொட்டி ஒட்டும் பசை தயார்.

பிரஷர் குக்கரில் மூன்று விசில் விடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீருக்குள் போட்டு விசில் விட்டால் கிழங்கு நீரைக் குடித்துவிடும். குக்கர்தான் வேண்டுமென்றால் அடியில் சிறிது நீர் விட்டு, துளையிட்ட தட்டின்மேல் கிழங்கை வைத்து ஆவியில் வேகவையுங்கள்.

4. நீப்பை முதலில் வெட்டுங்கள், முதலில் வேகவையுங்கள்

நீப் கல்போல இருக்கும். கத்தி பாதியில் சிக்கி, அதை ஓங்கித் தட்டி, விரலை வெட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். முதலில் அடியில் ஒரு வட்டத்தைச் சீவி எறிந்து, தட்டையான அந்தப் பக்கம் பலகையில் படும்படி நிறுத்துங்கள். பிறகு மேலிருந்து இரண்டாகப் பிளக்கலாம். உருளாத பொருளை வெட்டுவது சுலபம். கத்தி இறங்கவே மறுத்தால் முழுக் கிழங்கையும் இரண்டு மூன்று இடங்களில் குத்தி, மைக்ரோவேவ் அடுப்பில் 3 நிமிடம் வைத்து எடுங்கள், இளகிவிடும்.

தோலைத் தடிமனாகச் சீவ வேண்டும். வெட்டிய பக்கத்தைப் பார்த்தால் தோலுக்கு உள்ளே ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். அந்தக் கோடு வரை நார், கசப்பு. அதையும் சேர்த்துச் சீவுங்கள். உருளைக்கிழங்கைப் போலத் தோலை மட்டும் வழித்துவிட்டு, மசியல் ஏன் கசக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய.

2 சென்டிமீட்டர் துண்டுகளாக, ஒரே அளவில் வெட்டுங்கள். குளிர்ந்த உப்புநீரில் போட்டுக் கொதி வந்தபின் 20 முதல் 25 நிமிடம். உருளைக்கிழங்கு அதே அளவுத் துண்டாக இருந்தால் 15 நிமிடத்திலேயே வெந்துவிடும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். ஒன்று கரையும்போது மற்றது கடக்குமுடக்கென்று இருக்கும். கிளாப்ஷாட்டை ஒரே பாத்திரத்தில் செய்பவர்களும் ஸ்காட்லாந்தில் உண்டு. அவர்கள் நீப்பைப் பாதி வேகவிட்டு அதன் பிறகே உருளைக்கிழங்கைச் சேர்க்கிறார்கள். கை பழகியபின் நீங்களும் அப்படிச் செய்யலாம்.

நீப்பை மணிக்கணக்கில் கொதிக்கவிடுவதும் தப்பு. முட்டைக்கோஸைப் போலவே வெந்து மிஞ்சினால் கந்தக வாடை கிளம்பும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கியதும் இறக்குங்கள்.

உருளைக்கிழங்கை இரண்டு விதமாக வேகவைக்கலாம். மாரிஸ் பைப்பர் என்றால் தோல் சீவி, பெரிய துண்டுகளாக வெட்டி, ஒரு முறை அலசி, குளிர்ந்த நீரிலிருந்து தொடங்குங்கள். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் கரையும், நடு வேகாது. கோல்டன் வொண்டர், கெர்ஸ் பிங்க் என்றால் தோலோடு முழுசாகப் போடுங்கள். தோல் சீவிய கோல்டன் வொண்டரை நான் முதல்முறை தளதளவென்று கொதிக்கவிட்டேன். மூடியைத் திறந்தபோது கிழங்கு இல்லை, கஞ்சிதான் இருந்தது. மெல்லிய கொதி போதும்.

ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளைக் கொண்டாடும் பர்ன்ஸ் இரவு விருந்துக்கென்றால் நேரக் கணக்கு இப்படி: ஹாகிஸ் (ஆட்டின் உள்ளுறுப்புகளும் ஓட்ஸும் சேர்த்து உறையில் அடைத்து வேகவைப்பது) முதலில் அடுப்பேறும், அதன் உறையில் எழுதியிருக்கும் நேரத்தை நம்புங்கள். பரிமாறுவதற்கு 50 நிமிடம் முன் நீப், 40 நிமிடம் முன் உருளைக்கிழங்கு. நீப் மசியல் சூடு தாங்கும், திரும்பச் சூடாக்கினாலும் கெடாது. உருளைக்கிழங்கு மசியல் காத்திருக்காது. அதனால் அது கடைசியில் முடிய வேண்டும்.

5. உலர்த்துங்கள்: எல்லோரும் தாண்டிப்போகும் படி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

உருளைக்கிழங்கை வடித்து, காலிப் பாத்திரத்திலேயே திரும்பக் கொட்டி, மிகச் சிறிய தீயில் 2 நிமிடம் வையுங்கள். பாத்திரத்தை அவ்வப்போது குலுக்குங்கள். பிறகு தீயை அணைத்து, மேலே பருத்தித் துண்டை மடித்துப் போர்த்தி 5 நிமிடம் விடுங்கள். துண்டு ஆவியை உறிஞ்சும். மூடி போட்டால் ஆவி நீராகித் திரும்பக் கிழங்கின்மேலேயே சொட்டும். கிழங்கின் ஓரங்கள் வெள்ளையாக, மாவு பூசியதுபோல ஆகும்போது தயார்.

நீப்புக்கு இன்னும் கடுமை வேண்டும். நீப்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நீரைப் பிடித்துவைக்கும் மாவுச்சத்து அதில் இல்லையென்றே சொல்லலாம். வடிதட்டில் கொட்டி, கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்துங்கள். மஞ்சள் நீர் வழியும். பிறகு பாத்திரத்தில் போட்டு, மிதமான தீயில் அடியில் ‘சுர்ர்’ சத்தம் அடங்கும் வரை கிளறுங்கள். நீப்பில் பசை ஏறும் பயம் கிடையாது, தைரியமாகக் கிளறலாம்.

6. இடியுங்கள்

உருளைக்கிழங்கு சூடாக இருக்கும்போதே இடிக்க வேண்டும். மத்தை நேராக மேலிருந்து கீழே குத்துங்கள். கட்டிகள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம் மிருதுவாகட்டும்’ என்று நினைக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் அது பசையாகிறது.

இப்போது ஒரு கட்டளை. பால் ஊற்றும் முன், இடித்த வெறும் உருளைக்கிழங்கில் 250 கிராம் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அது நாளைக் காலை டாட்டி ஸ்கோனுக்கு. பால் சேர்ந்த மசியலில் ஸ்கோன் சரியாக வராது.

மீதிக்கு முதலில் வெண்ணெய் 50 கிராம், பிறகுதான் பால். கொழுப்பு முதலில் மாவைப் பூசிக்கொண்டால் பால் அதைக் கூழாக்காது. பால் சூடாக இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். 100 மில்லியும் தேவைப்படாமல் போகலாம். உப்பு, வெள்ளை மிளகு. இதுதான் சாப்பிட் டாட்டீஸ்.

நீப்பை வேறு பாத்திரத்தில் நசுக்கி, வெண்ணெய் 30 கிராம், தாராளமாகக் கருமிளகு, சுக்கு சேருங்கள். பால் வேண்டாம். ஏற்கெனவே ஈரம் போதும். சற்றுக் கரகரப்பாக இருந்தால்தான் அழகு. ஹாகிஸோடு பரிமாறும்போது இரண்டும் தட்டில் தனித்தனிக் குவியல்கள். கலந்துவிட்டால் பெயர் மாறிவிடும்.

7. கலந்தால் கிளாப்ஷாட்

ஆர்க்னி தீவுகளின் உணவு. சம எடை நீப், சம எடை உருளைக்கிழங்கு, வெண்ணெய் அல்லது மாட்டுக்கொழுப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் போன்ற சைவ்ஸ் கீரை ஒரு கைப்பிடி, நிறைய மிளகு. சைவ்ஸ் இல்லாத இடத்தில் வெங்காயத்தாளே போடலாம். வெங்காயத்தை உருளைக்கிழங்கோடு சேர்த்து வேகவைப்பவர்களும் உண்டு.

வரிசை: உலர்ந்த நீப்பை முதலில் தனியே நன்றாக நசுக்குங்கள். அதன்மேல் உலர்ந்த உருளைக்கிழங்கைப் போட்டு, வெண்ணெயோடு சேர்த்து இடியுங்கள். தலைகீழாகச் செய்தால் நீப்பின் கட்டிகளை மசிக்கப் போய் உருளைக்கிழங்கை அளவுக்கு மீறி இடித்துவிடுவோம். பால் ஒரு சொட்டும் வேண்டாம். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும்.

கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டலாமா என்று கேட்பார்கள். கொட்டுங்கள், நன்றாகவே இருக்கும். கிளாப்ஷாட் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

8. முட்டைக்கோஸ் சேர்ந்தால் மூன்று பெயர்கள்

தெற்கே எல்லைப்புற மாவட்டங்களில் ரம்பிள்டிதம்ப்ஸ், வடகிழக்கில் கேல்கென்னி, மேட்டுநிலங்களில் கோல்கேனன். மூன்றிலும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் உண்டு. கேல்கென்னியில் பாலேடு சேரும். கோல்கேனன் அயர்லாந்திலும் உண்டு. மேட்டுநிலத்து வகையில் கேரட்டும் நீப்பும் கூடுதலாகச் சேரும். எல்லாப் பெயர்களுக்கும் கறாரான வேலி கிடையாது. ஒரே தெருவில் இரண்டு வீட்டில் இரண்டு விதமாகச் செய்வார்கள்.

செய்து பழக ரம்பிள்டிதம்ப்ஸே நல்லது, ஏனென்றால் முந்தைய நாள் மிச்சம் இதில் தீர்ந்துவிடும். பெயரிலேயே உருட்டலும் குத்தலும் கேட்கிறது அல்லவா? 600 கிராம் மசியலுக்கு 300 கிராம் முட்டைக்கோஸ், ஒரு வெங்காயம், 50 கிராம் வெண்ணெய், 75 கிராம் செடார் சீஸ்.

முட்டைக்கோஸை நீரில் வேகவைக்காதீர்கள். மெல்லியதாக நறுக்கி, வெங்காயத்தோடு வெண்ணெயில் மூடி போடாமல் வதக்குங்கள். 10 நிமிடத்தில் அதன் நீர் வற்றிச் சுருங்கும். நீரில் வெந்த முட்டைக்கோஸை எவ்வளவு பிழிந்தாலும் அடுப்புக்குள் போனதும் மிச்ச நீரை விடும். மேலே சீஸ் முறுகியிருக்க, அடியில் குளம் கட்டியிருக்கும். வதக்கியதை மசியலோடு கலந்து, அகலமான தட்டில் பரப்பி, சீஸைத் தூவி, 190 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். ஓரங்கள் பழுப்பாகிக் குமிழிட வேண்டும்.

9. ஸ்டோவீஸ்: இங்கே விதிகள் தலைகீழ்

இதுவரை தண்ணீரை விரட்டினோம். ஸ்டோவீஸில் கிழங்கு தன் சொந்த ஈரத்திலும் ஆவியிலும் மூடிய பாத்திரத்துக்குள் வேக வேண்டும். ‘ஸ்டோவ்’ என்ற ஸ்காட்ஸ் சொல்லுக்கு அதுதான் பொருள்.

தேவை: உருளைக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 2, டிரிப்பிங் 50 கிராம், முந்தைய நாள் வறுத்த மாட்டிறைச்சி மிச்சம் 250 கிராம், இறைச்சிச் சாறு 150 மில்லி. டிரிப்பிங் என்பது மாட்டிறைச்சியை வறுக்கும்போது வடிந்து உறைந்த கொழுப்பு. உறைந்தபின் அதன் அடியில் பழுப்பு நிறத்தில் ஜெல்லி போல ஒன்று படிந்திருக்கும். அதை எறிபவரை என் சமையலறையில் மன்னிப்பதில்லை. ஸ்டோவீஸின் ருசியே அதில்தான்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் வெண்ணெயிலும் காய்கறிச் சாற்றிலும் செய்யலாம். இறைச்சியில்லாத ஸ்டோவீஸுக்கு அந்த ஊரிலேயே பெயர் உண்டு: ‘பார்ஃபிட்’, அதாவது வெறுங்கால் ஸ்டோவீஸ்.

முதலில் வெங்காயத்தை டிரிப்பிங்கில் 15 நிமிடம் சிறுதீயில் வதக்குங்கள். பொன்னிறத்தைத் தாண்டி இலேசாகப் பழுப்பேறட்டும். நிறமும் இனிப்பும் இதிலிருந்து மட்டுமே வருகின்றன. பின்னால் திருத்த வழியில்லை.

உருளைக்கிழங்கில் பாதியை மெல்லிய வில்லைகளாகவும் பாதியைத் தடித்த துண்டுகளாகவும் வெட்டுங்கள். மெல்லியவை கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், தடித்தவை கடிக்கக் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டினால் ஒன்று கூழ், இல்லையென்றால் சாற்றில் மிதக்கும் கிழங்கு. வெட்டியபின் அலசாதீர்கள். 4ஆம் படியில் அலசச் சொன்னேன், இங்கே அந்த மாவு நமக்கு வேண்டும்.

மெல்லியவை அடியில், தடித்தவை மேலே. சாற்றை ஊற்றினால் கிழங்கு மூழ்கக்கூடாது; பாத்திரத்தின் அடியில் ஒரு விரற்கடை நின்றால் சரி. புதிதாகச் செய்பவர்கள் இங்கே பயந்துபோய் மேலும் அரை லிட்டர் ஊற்றிவிடுகிறார்கள். அப்புறம் அது சூப். மூடி இறுக்கமாக இல்லையென்றால் பாத்திரத்துக்கும் மூடிக்கும் இடையே ஒரு தாளை வையுங்கள். மிகச் சிறிய தீ, 45 நிமிடம் முதல் 1 மணி நேரம்.

கிளறாதீர்கள், திறக்காதீர்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா பாத்திரத்தைத் திறந்து பார்த்து நான் கண்டதே இல்லை. துணியால் இரு கைப்பிடிகளையும் பிடித்து ஒரு முறை குலுக்குவார். பிறகு குனிந்து, மூடியருகே காதை வைத்துக் கேட்பார். மெல்லிய ‘சளசள’ என்றால் ஈரம் இருக்கிறது, விட்டுவிடலாம். ‘பொரபொர’ என்று காய்ந்த சத்தம் கேட்டால் கொழுப்பு மட்டும் மிஞ்சி அடிப்பிடிக்கப் போகிறது. 2 மேசைக்கரண்டி வெந்நீர் விட வேண்டிய நேரம். இரண்டு சத்தத்துக்கும் வேறுபாடு எனக்குக் காதில் ஏற மூன்று பாத்திரம் தீய்ந்தது. இலேசாக அடிப்பிடித்த பழுப்பு ஏடு கெடுதல் இல்லை. அதைச் சுரண்டிக் கலப்பதற்கே சிலர் சண்டை போடுவார்கள்.

இறைச்சியைக் கடைசி 15 நிமிடத்தில் சேருங்கள். ஏற்கெனவே வெந்தது அது, அதிக நேரம் இருந்தால் நார்நாராக உலரும். உப்பும் அப்போதுதான். டிரிப்பிங்கிலும் சாற்றிலும் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது.

டின்னில் வரும் கார்ன்ட் பீஃப் போட்டுச் செய்பவர்கள் உண்டு, சாசேஜ் போடுபவர்கள் உண்டு. எது அசல் என்ற வழக்கில் நான் சாட்சி சொல்வதில்லை. ஓட்ஸ் ரொட்டியும் ஊறுகாய் பீட்ரூட்டும் பக்கத்தில் வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம் உண்டு. கொழுப்பின் கனத்தை அந்தப் புளிப்பு வெட்டுகிறது.

10. மறுநாள் காலை: டாட்டி ஸ்கோன்

6ஆம் படியில் ஒதுக்கிவைத்த 250 கிராம் வெறும் உருளைக்கிழங்கை எடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததென்றால் மைக்ரோவேவ் அடுப்பில் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கிழங்கில் வெண்ணெய் கலக்காது. மாவைத் தேய்க்கும்போது விளிம்பு வெடிக்கும்.

25 கிராம் உருக்கிய வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, 60 கிராம் மைதா. மைதாவை ஒரேயடியாகக் கொட்டாமல் முக்கால் பங்கைப் போட்டுக் கையால் சேர்த்துப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டு கையில் ஒட்டாமல் வந்தால் போதும், மீதி வேண்டாம். சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல அடித்துப் பிசையக்கூடாது. அது இங்கே இறுக்கத்தைத்தான் கொடுக்கும். மாவு தளர்ந்துகொண்டே போகிறது, மைதா சேர்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் 5ஆம் படியில் உலர்த்தவில்லை என்று பொருள். மிஞ்சிய கிளாப்ஷாட்டில் ஸ்கோன் செய்யும் முயற்சியும் இப்படித்தான் முடியும். நீப்பின் ஈரம் மாவை நிற்கவிடாது.

மாவு தூவிய பலகையில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாகத் தேய்த்து, சிலுவைபோல வெட்டி நான்கு கால்வட்டங்களாக்குங்கள். முள்கரண்டியால் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். உள்ளிருக்கும் ஆவி வெளியேறாவிட்டால் பூரிபோல உப்பி நடு வேகாமல் நிற்கும்.

ஸ்காட்லாந்தில் இதைச் சுடும் தட்டையான இரும்புக் கல்லுக்குப் பெயர் கெர்டில். வார்ப்பிரும்புத் தோசைக்கல் அதன் சகோதரன்தான். கல் மிதமாகக் காய வேண்டும். ஒரு சிட்டிகை மைதாவைத் தூவினால் அரை நிமிடத்தில் மெல்லப் பழுப்பாகும். உடனே கருகினால் சூடு அதிகம். எண்ணெயை ஒற்றி எடுத்தாற்போல் தடவி, பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம். எண்ணெய் ஊற்றிச் சுட்டால் அது வடையின் தம்பி ஆகிவிடும். மேலே பழுப்புப் புள்ளிகள் ஆங்காங்கே விழுந்தால் போதும், முழுதும் சிவக்க வேண்டியதில்லை.

சுட்டதைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள். மடித்த துணிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடுங்கள். தன் ஆவியிலேயே தோல் மிருதுவாகும். 10 நிமிடம் கழித்து எடுத்து, சூட்டோடு வெண்ணெய் தடவிச் சாப்பிடலாம். முட்டை, பேக்கன் சேர்ந்த காலையுணவில் வைப்பதென்றால் அவற்றைப் பொரித்த அதே வாணலியில் பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு எடுங்கள்; ஓரம் முறுகும். மீந்தவற்றை ஆறவைத்து, இடையில் தாள் வைத்து உறைபெட்டியில் போட்டால் ஒரு மாதம் வரை வரும். வேண்டும்போது உருகவிடாமல் நேராகக் கல்லில் போட்டுவிடலாம்.